நுண்துளையில் அடங்கிய மருந்து

சிறுவயதில் நான் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும்போதெல்லாம், என் அன்னையார் டிஞ்சர் அயோடினைத் தடவித் துணியால் கட்டிவிடுவார்கள். தடவும்போது ஓர் எரிச்சல். மறுநாள் கட்டை அவிழ்க்கையில், காய்ந்து ஒட்டிய துணியோடு புதுத்தோலும் உரிந்துவர, மற்றோர் எரிச்சல். மருந்து எரிந்தால்தான் புண் ஆறும் என்று அந்நாளில் நம்பினேன். அது தவறென்பதைப் பின்னரே கற்றேன்.

முதல் உலகப்போரின்போது பிரான்சில் மருத்துவப் பணியாற்றிய அலெக்சாண்டர் பிளெமிங், ஆழ்ந்த புண்களில் வார்க்கப்பட்ட கிருமிநாசினிகள், கிருமிகளைவிட அவற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களையே மிகுதியாக அழிப்பதைக் கண்டார். 1962இல் ஜார்ஜ் விண்டர், பன்றித்தோலில் ஆய்ந்து, உலரவிட்ட புண்ணைவிடப் படலத்தால் மூடி ஈரமாக வைத்த புண்ணில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு விரைவாகப் படர்வதைக் காட்டினார். ஆகவே, கட்டு ஈரத்தைக் காக்கவேண்டும். மருந்தையோ அளவோடு வழங்கவேண்டும்.

இஃது எவ்வாறு இயலும்? மண்பானையை நினைத்துப் பாருங்கள். அதன் நுண்துளைகள் நீரை ஒருங்கே கொட்டிவிடுவதில்லை. சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. காடெக்சோமர் அயோடின் என்னும் மருந்தும் ஏறத்தாழ இவ்வாறே இயங்குகிறது. மாவுச்சத்தினாலான நுண்மணிகளில் நூற்றுக்கு 0.9 பங்கு அயோடின் அடங்கியிருக்கும். மணிகள் புண்ணின் நீரை உறிஞ்சி உப்ப, அயோடின் மெல்ல வெளிப்படும். நீர் மிகுந்தால் மருந்தும் மிகும். பழுப்பு நிறம் வெளுத்துவிட்டால், கட்டை மாற்றும் வேளை வந்துவிட்டது என்பது பொருள். என்னை அழவைத்த அதே அயோடின்தான். வழங்கும் முறையே வேறு! எனினும், தைராய்டு நோயுற்றோர் மருத்துவரைக் கேளாமல் இதனைப் பயன்படுத்தலாகாது.

அறிஞர்கள் இன்னும் நுண்ணிய துளைகளையும் நாடினர். மோபில் நிறுவன ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட சிலிக்காத் தூளில், தேன்கூடுபோல் அடுக்கிய துளைகளின் அகலம் சில நானோமீட்டரே; ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அத்தூள் ஒரு கிராமின் உட்பரப்போ ஏறக்குறைய 1000 சதுர மீட்டர்! 2001இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் அத்துளைகளில் இபுப்ரோஃபென் மருந்தை நிரப்பி, அது படிப்படியாக வெளிவருவதைக் காட்டினர். இத்தகைய துகள்களைக் கட்டுத்துணியின் இழைகளிலே பொதிக்கும் ஆய்வுகளும் நடைபெற்று வருகின்றன.

இவை வெறும் விந்தைகள் அல்ல. நீரிழிவு நோயாளியின் பாதத்தில் ஆறாத புண்ணொன்று காலையே இழக்கச் செய்யக்கூடும். அங்கே வேண்டுவது கடுமையான மருந்தன்று. வேளையறிந்து, அளவறிந்து வழங்கும் மருந்தே. இவ்வுண்மையை உங்களுள் சிலரேனும் ஆய்வுக்கூடத்தில் மேலும் வளர்ப்பீர்களாக.