அம்மா வீட்டில் சும்மாதான் இருக்காங்களா?

ஆம்பூரை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்கு, அறிவியல் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் சூன் மாதத்தில் மாணவர் விவரங்களைச் சரிபார்க்கும்போது ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் ஒரே பதிலைத்தான் எழுதி வந்தேன்: இல்லத்தரசி. “அம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்பேன். “வூட்ல சும்மாதான் இருக்காங்க டீச்சர்” என்பார்கள். நானும் மறுகேள்வி கேட்காமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. நன்றாகப் படித்தவள். திடீரென்று வீட்டுப்பாடம் முடிக்காமல் வரத் தொடங்கினாள். முதல் பாடவேளையிலேயே கண் சொக்கும். ஒருநாள் எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். அவள் பதில் பேசவில்லை. மேசைக்கு அடியில் கைகளை மறைத்துக்கொண்டாள். அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பத்து நிமிட நடை, பதினைந்து ஆண்டுகளாக நான் நிரப்பி வந்த அந்தக் கட்டத்தையே மாற்றிவிட்டது.

வாசற்படியில் ஒரு தொழிற்கூடம்

வெளிச்சம் விழும் வாசற்படியில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய துணி. ஒரு பக்கம் தைக்க வேண்டிய ஷூ அப்பர்கள், மறுபக்கம் தைத்து முடித்தவை. விரல்களில் துணி சுற்றியிருந்தார். “வாங்க டீச்சர், உக்காருங்க” என்றபோதும் கை நிற்கவில்லை. “வேலைக்குப் போறீங்களாம்மா?” என்று கேட்டேன். “இல்ல டீச்சர், நான் எங்கயும் போவல. வூட்லயே ஏதோ தைக்கிறேன்” என்றார்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியை நாம் அறிவோம். 1970-களில் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன் பின்னர் இங்கே முழுமையாக்கிய தோலும் காலணிகளும் பெருகின. தொழிற்சாலைகளைப் பற்றி நாம் பேசுகிறோம். தெருக்களுக்குள் பரவியிருக்கும் இன்னொரு வேலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. லோஃபர், மொக்காசின் வகைக் காலணிகளில் மேல்துண்டையும் பக்கத் துண்டையும் இணைக்கும் தடித்த தையலைக் கையால்தான் போடுகிறார்கள். நேரம் பிடிக்கும் இந்த வேலையை முகவர்கள் வழியாக வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூலி ஜோடிக் கணக்கில். 2016-இல் பெங்களூருவின் சிவிடெப் அமைப்பும் இங்கிலாந்தைச் சேர்ந்த அமைப்புகளும் ஆம்பூர்ப் பகுதி வீட்டுத் தொழிலாளர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒரு ஜோடிக்குக் கிடைப்பது பத்து ரூபாய்க்கும் குறைவு என்று அது பதிவு செய்தது.

மகளின் தூக்கத்துக்கும் விடை கிடைத்தது. மறுநாள் காலையில் சரக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால், முந்தைய இரவு ஊசியில் நூல் கோப்பது, முடிச்சுப் போடுவது, சில ஜோடிகளைத் தைப்பது எல்லாம் அவள் பங்கு. மேசைக்கு அடியில் அவள் மறைத்தது ஊசி பட்ட விரல்களை.

கிளம்பும்போது அவளுடைய புத்தகப் பையிலிருந்து ஒரு பேனாப் பை எட்டிப் பார்த்தது. பழைய சேலைத் துணி. ஷூவில் போடும் அதே தையல், சுருக்கங்கள் சீராக வரிசை கட்டியிருந்தன. “மிச்ச நூல்ல அம்மா தெச்சது” என்றாள். தம்பிக்கு ஒரு துணிப் பொம்மை, தண்ணீர் பாட்டிலுக்கு உறை என்று இன்னும் சிலவற்றையும் எடுத்துக் காட்டினாள். கூலி இல்லாத அந்தத் தையலைக் காட்டும்போது மட்டும் அந்த அம்மா சிரித்தார்.

வீட்டறிவு வகுப்பறைக்கு வருவது புதிதல்ல

1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். அதற்காகப் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழு, நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மையோடு தோல் வேலையையும் கல்விக்கான கைத்தொழிலாகச் சேர்த்தது. கைவேலையைத் தனிப் பாடமாக ஒதுக்காமல், அதன் வழியாகவே கணக்கும் அறிவியலும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்பதைத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 தன் முதல் வழிகாட்டும் நெறிகளில் ஒன்றாக வைத்தது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லூயிஸ் மால் என்ற கல்வியாளரும் அவருடைய குழுவினரும் 1990-களில் ஆசிரியர்களைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குழந்தையைப் பற்றிப் புகார் சொல்ல அல்ல, அந்த வீட்டில் என்ன அறிவு இருக்கிறது என்று கற்றுக்கொள்ள. நம் இல்லச் சந்திப்புகள் பெரும்பாலும் புகாரோடுதான் தொடங்குகின்றன. என்னுடையதும் அப்படித்தான் தொடங்கியது.

தையலுக்குள் இருந்த கணக்கு

அந்த அம்மாவை வகுப்புக்கு அழைத்தேன். “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது டீச்சர், நான் இன்னா சொல்லித் தர்றது?” என்று மறுத்தார். ஒரு பிற்பகல் வந்து உட்கார்ந்தால் அந்தப் பிற்பகலின் கூலி போகும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சரக்குக் கொடுத்து முடித்த ஒரு வெள்ளிக்கிழமையில், நாற்பது நிமிடம் மட்டும் என்று பேசி முடித்தோம். துணி, ஊசி, நூல் எல்லாம் பள்ளியிலேயே ஏற்பாடு செய்தோம். ஆண், பெண் எல்லாரும் தைக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அன்று கிடைத்த பாடங்கள் சிலவற்றைப் பகிர்கிறேன்.

விகிதம்: மொக்காசின் முன்பக்கச் சுருக்கம் எப்படி வருகிறது? மேல்துண்டின் ஓரம் சிறியது, பக்கத் துண்டின் ஓரம் பெரியது. இரண்டிலும் துளைகளின் எண்ணிக்கை ஒன்றே, இடைவெளிதான் வேறு. நாங்கள் துணியில் செய்து பார்த்தோம். ஒரு பட்டையில் 4 மி.மீ. இடைவெளியிலும் மற்றொன்றில் 5 மி.மீ. இடைவெளியிலும் புள்ளி வைத்தோம். நாற்பது இடைவெளிகளுக்கு ஒன்று 16 செ.மீ., மற்றொன்று 20 செ.மீ. புள்ளிக்குப் புள்ளி சேர்த்துத் தைத்தால் மிஞ்சும் 4 செ.மீ. துணி நாற்பது சிறு சுருக்கங்களாகப் பங்கிடப்படுகிறது. 4 : 5 என்பதைப் பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். பலர் நாற்பது புள்ளி மட்டும் வைத்து, கடைசியில் ஒன்று குறைந்து திகைத்தார்கள். நாற்பது இடைவெளிக்கு நாற்பத்தொரு புள்ளி வேண்டும் என்பதை அந்த அம்மா பார்த்த மாத்திரத்தில் சொன்னார்.

பின்னம்: துண்டுகளில் குறித்திருக்கும் 39, 40 என்ற எண்கள் எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. பொருள்தான் தெரியாது. ஐரோப்பிய முறையில் ஓர் அளவு என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. எனவே 39 என்றால் 39 × 2/3 = 26 செ.மீ. இது ஷூவை உருவாக்கும் அச்சின் நீளம். பாதம் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். பிரிட்டிஷ் முறையில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பின்னப் பெருக்கலுக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு எங்கள் ஊரில் கிடைக்காது.

இயற்கணிதம்: நூல் எவ்வளவு வெட்ட வேண்டும்? நேர்த்தையலில் ஒவ்வொரு தையலுக்கும் நூல் ஓர் இடைவெளியைக் கடக்கிறது, துணியின் தடிமனையும் ஒருமுறை ஊடுருவுகிறது. இடைவெளி p, தடிமன் t, தையல் n எனில் நீளம் n(p + t). 5 மி.மீ. இடைவெளி, 3 மி.மீ. தடிமன், 40 தையல் என்றால் 320 மி.மீ. முடிச்சுக்குத் தனி. அந்த அம்மா முழங்கையால் அளந்து வெட்டிய நூலைப் பிள்ளைகள் அளவுகோலால் அளந்து பார்த்தார்கள். முடிச்சுக்கு வேண்டிய மிச்சம் மட்டுமே கூடுதலாக இருந்தது.

சமச்சீர்: வலது கால், இடது கால் துண்டுகளை எவ்வளவு சுழற்றினாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. திருப்பிப் போட்டால்தான் பொருந்தும். சுழற்சிக்கும் பிரதிபலிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு காகிதத் துண்டுகளிலேயே காட்டிவிடலாம்.

பரப்பளவு: தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். ஆனால் தோல் சதுரமாக இருப்பதில்லை. அதன் வடிவத்தைக் கட்டத்தாளில் வரைந்து, முழுக் கட்டங்களையும் பாதிக்கு மேலான கட்டங்களையும் எண்ணச் சொல்லலாம்.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இங்கிருந்து அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் போகலாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட பழைய முறை, குரோமிய உப்பால் பதனிடும் இன்றைய முறை, பாலாற்று மாசு தொடர்பாக 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு எல்லாம் நம் பிள்ளைகளின் ஊரோடு தொடர்புடையவை.

நான் செய்த தவறு

அன்று இன்னொரு கணக்கும் போட்டேன். ஒரு ஜோடிக்கு எட்டு ரூபாய், ஒரு மணி நேரத்தில் இரண்டு ஜோடி என்றால் எட்டு மணி நேரக் கூலி என்ன? பிள்ளைகள் உடனே சொன்னார்கள்: நூற்று இருபத்தெட்டு ரூபாய். ஒருவன், “அவ்ளோதானா டீச்சர்?” என்றான். அந்த அம்மா கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் துணியை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஒருவருடைய வருமானத்தை அவர் முன்னாலேயே, அவர் மகளின் வகுப்பில், கேட்காமல் கணக்காக்கியது தவறு. மறுநாள் மாணவியிடம் வருத்தம் தெரிவித்தேன். அவள் சொன்னாள்: “அம்மா கோவப்படல டீச்சர். அந்தக் கணக்கு சரிதானான்னு ராத்திரி என்னைக் கேட்டாங்க. மறுபடி போட்டுக் காட்டச் சொன்னாங்க.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு நோட்டு வந்தது. நாள், வாங்கிய ஜோடி, கொடுத்த ஜோடி, வந்த பணம் என்று நான்கு கட்டங்கள். அம்மா சொல்ல மகள் எழுதுகிறாள். கூலி உயர்ந்துவிடவில்லை. ஆனால் எத்தனை ஜோடி தைத்தோம் என்பதற்கு இப்போது அவர்களிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் வகுப்பில் கற்ற அட்டவணை இதைவிடப் பயனுள்ள இடத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை.

எல்லைக்கோடு எங்கே?

அம்மாவின் வேலையை மதிப்பது வேறு, அந்த வேலைக்குக் குழந்தையைப் பழக்குவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஆபத்து இத்தகைய பாடங்களில் உண்டு. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ குடும்பத்துக்கு உதவுவதை அனுமதிக்கிறது. ஆனால் அது அபாயகரமான வேலையாக இருக்கக் கூடாது, பள்ளிக் கல்வியை எவ்வகையிலும் பாதிக்கவும் கூடாது. வகுப்பில் தூங்கும் குழந்தையின் கல்வி பாதிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கண்டுகொள்ள வேண்டியவர்கள் நாம்.

நான் அந்த அம்மாவிடம் சட்டம் பேசவில்லை. “அவ ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்துட்டா போதும்மா” என்று மட்டும் கேட்டேன். பள்ளி முடிந்ததும் அரை மணி நேரம் பள்ளியிலேயே இருந்து வீட்டுப்பாடம் முடிக்க ஏற்பாடு செய்தேன். அதில் இப்போது பதினோரு பிள்ளைகள் இருக்கிறார்கள். சில இரவுகளில் அவள் இன்னமும் தைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். முன்பைவிடக் குறைவு.

நாம் செய்யக்கூடியவை

வகுப்பில் தைப்பவை பிள்ளைகளுக்கே உரியவையாக இருக்கட்டும்: பேனாப் பை, துணிப் பொம்மை, கணக்கு வகுப்புக்கான மணிப் பை. விற்பனைக்கான சரக்கு எதுவும் பள்ளிக்குள் வர வேண்டாம். பழைய துணியே போதும். ஒட்டுப் பசை வேண்டவே வேண்டாம், அதன் ஆவி கெடுதல். தொடக்க வகுப்புகளில் மொட்டை ஊசியும் தடித்த நூலும் போதும்.

தோல், காலணித் தொழிலாளர்களுக்கும் தையல் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டில் அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியங்கள் உள்ளன. பதிவு பெற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதைச் சொல்லலாம். வீட்டில் இருந்தபடி வேலை செய்பவரும் தொழிலாளரே என்பதைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் தன் 177-ஆம் உடன்படிக்கையில் ஏற்றது. இந்தியா அதில் இன்னும் இணையவில்லை. நம் பதிவேடு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த ஆண்டு சூன் மாதத்தில் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: “அம்மா காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செய்றாங்க?” ஒரே வகுப்பில் ஷூ தைப்பவர், பீடி சுற்றுபவர், பூக்கட்டுபவர், துணி தைப்பவர் என்று பட்டியல் நீண்டது. அந்த மாணவி எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அவளுடைய படிவத்தை எடுத்து, இல்லத்தரசி என்பதை அடித்துவிட்டு என்ன எழுதுவது என்று அவளையே கேட்டேன். “ஷூ தைக்கும் தொழிலாளி” என்றாள். அப்படியே எழுதினேன்.