'பிட்ஸ்பர்க் லெஃப்ட்'னா என்ன? யோசிச்சு சொல்லுங்க பார்க்கலாம்!

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், நம் ஊர்க்காரர்களுக்குப் புதிய பெயர் அல்ல. நகரை ஒட்டியுள்ள பென் ஹில்ஸ் குன்றின் மேல் 1976-ல் குடமுழுக்கு கண்ட வெங்கடேஸ்வரா கோயில் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் பலரும் அங்கே போய் பெருமாளை சேவித்துவிட்டு வருவார்கள். அந்த ஊர்ச் சாலைகளில் காதில் விழும் ஒரு சொல்தான் 'பிட்ஸ்பர்க் லெஃப்ட்'. அது என்னவாக இருக்கும்? இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அ) குத்துச்சண்டையில் இடது கையால் விடும் குத்து.

ஆ) இரும்பு ஆலைகளுக்குப் பேர்போன அந்த ஊரின் இடதுசாரிக் கட்சி.

இ) 'லெஃப்ட் ஓவர்' என்பதன் சுருக்கம். அதாவது, மீந்துபோன நேற்றைய சாம்பார்!

ஈ) சாலையில் இடதுபக்கம் திரும்பும் ஒரு முறை.

'ஈ' என்றவர்களுக்குப் பாதி மதிப்பெண். 'இடதுபக்கம் திரும்ப ஒரு முறையா? நம் ஊரில் அதுதானே ஃப்ரீ லெஃப்ட்!' என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலதுபக்கம் ஓடுகின்றன. அதனால் நாம் வலதுபக்கம் திரும்பப் படும் பாடு முழுவதையும் அவர்கள் இடதுபக்கம் திரும்பப் படவேண்டும். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்தாக வேண்டும்.

பச்சை விழுந்ததும்...

சிக்னலில் இரு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன. இந்தப் பக்கம் முதலில் நிற்பவர் இடதுபக்கம் திரும்ப வேண்டும்; எதிர்ப்பக்கம் முதலில் நிற்பவர் நேராகப் போக வேண்டும். பச்சை விழுகிறது. சட்டப்படி, நேராகப் போகிறவருக்கே முதல் உரிமை. ஆனால் பிட்ஸ்பர்க்கில் அவர் ஒரு நொடி பொறுத்து, 'நீங்க போங்க' என்று கையசைக்கிறார். முதல் வண்டி சட்டென்று திரும்பிவிடுகிறது. இந்த விட்டுக்கொடுத்தலுக்குத்தான் 'பிட்ஸ்பர்க் லெஃப்ட்' என்று பெயர். அந்தச் சலுகை ஒரே ஒரு வண்டிக்குத்தான். பின்னால் இருப்பவரும் ஒட்டிக்கொண்டு வந்தால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும்!

இந்தப் பழக்கம் வேரூன்ற அந்த ஊரின் அமைப்பே காரணம். மூன்று ஆறுகள், 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், எங்கு பார்த்தாலும் குன்றுகள். பழைய தெருக்கள் பலவற்றில் ஒரு திசைக்கு ஒரு தடம்தான். திரும்புவதற்கென்று தனித் தடம் போட இடமில்லை. திரும்பக் காத்திருக்கும் ஒரே ஒரு வண்டி, பின்னால் நிற்கும் அத்தனை பேரையும் அடுத்த பச்சைவரை நிறுத்திவிடும். அந்த ஒருவரை முதலில் அனுப்பிவிட்டால் எல்லோருக்கும் வழி கிடைக்கும்.

மூன்றாவது ஆள்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த ஒப்பந்தம் இரண்டு ஓட்டுநர்களுக்கு இடையில் மட்டும்தான். அதில் சேராத மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அவர் நடந்து போகிறவர். அதே பச்சையில்தான் அவரும் ஜீப்ரா கிராஸிங்கில் காலை வைக்கிறார். திரும்புகிறவரின் கண்ணோ எதிரே கையசைத்தவர் மேல் இருக்கிறது. கிடைத்த நொடியைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில், குறுக்கே நடப்பவரைக் கவனிக்கத் தவறலாம். வெளியூரிலிருந்து வந்த ஓட்டுநருக்கும் இந்த வழக்கம் தெரியாது. பச்சை விழுந்ததும் நேராகக் கிளம்பிவிடுவார். மோதல் நடந்தால், 'இது எங்க ஊர் பழக்கம்' என்ற பதில் எடுபடாது. வழிவிட வேண்டியவர் திரும்புகிறவர்தான்.

அதனால்தான் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நடப்பவர்களுக்கான விளக்கை வண்டிகளுக்கு முன்பாகவே எரியவிடுகிறார்கள். வழக்கமாக 3 முதல் 7 விநாடி முன்னதாக. வண்டிகள் நகரும்போது நடப்பவர் சாலைக்குள் வந்திருப்பார். ஓட்டுநர் கண்ணில் தவறாமல் படுவார்.

அந்த ஊரில் பிள்ளையின் காரை ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் அப்பாக்கள் ஒன்றை மனதில் வைக்கலாம். எதிரே இருப்பவர் முந்தித் திரும்பினால், கோபப்படாமல் விட்டுவிடுங்கள். நீங்கள் திரும்பும் முறை வந்தால், யார் கையசைத்தாலும் முதலில் ஜீப்ரா கிராஸிங்கைப் பாருங்கள்.

அதே ஊரின் இன்னொரு சொல் 'பார்க்கிங் சேர்'. இதற்கு நான்கு விடைகள் தேவையில்லை. வீட்டு வாசலில் தெருவோரமாகக் கார் நிறுத்தும் இடத்தை வேறு யாரும் பிடித்துவிடாமல் இருக்க, பழைய நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?