அம்மாவுக்கு மணமா என்று அலறுவானேன்?

மனைவியை இழந்தவன் ஐம்பதில் மாலை சூடினால், 'பாவம், சோறாக்க ஆள் வேண்டாமா?' என்று ஊர் பரிவு காட்டுகிறது. கணவனை இழந்தவள் நாற்பத்தைந்தில் துணை தேடினால், 'இந்த வயதிலா?' என்று அதே ஊர் எள்ளி நகைக்கிறது.

புதுவைத் தோழர்களைத்தான் கேட்கிறோம். 1891இல் இந்த மண்ணில் பிறந்த பாவேந்தர் பாரதிதாசன் கைம்பெண் மறுமணத்துக்காகப் பாடியதை மேடைதோறும் முழங்குகிறோம். வீட்டிலோ தாயார் தனியே விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறார். மூத்தவன் பாரீசில், இளையவன் கட்சிப் பணியில். பெரிய மார்க்கெட்டில் பழகியவர் ஒருவர் இரண்டு சொல் நலம் விசாரித்தால்தான் தாயாருக்கு அன்றைய பொழுது விடிகிறது. அவரையே மணக்கிறேன் என்று தாயார் சொல்லட்டும், முழங்கிய வாய் மூடிக்கொள்கிறது!

மறுமணச் சட்டம் வந்தது 1856இல். அன்றைய வாதமெல்லாம் பெரும்பாலும் பால்மணம் மாறாத கைம்பெண்களுக்காக. நரை கண்டவர்களின் தனிமை யார் கண்ணில் பட்டது?

குடும்ப மானம் என்பார்கள். மெய்யான கவலை பல வீடுகளில் பத்திரம்தான்! 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் சொத்தில் மனைவி பெற்ற பங்கு அவருக்கே முழு உரிமை; மறுமணத்தால் பறிபோகாது. மகன் பங்கும் மகனிடமே.

பிறகென்ன தடை, தோழரே? 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளர் முன் மூன்று சாட்சிகள் போதும். அவர்களில் ஒருவராக மகனே கையெழுத்திடலாம்.