படத்தின் பின்பக்கம்

ரவாங்கின் பழங்கதையை யார் சொன்னாலும் மின்சாரத்தில்தான் தொடங்குவார்கள். 1894-ல் லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும் இங்கே தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். மலாயாவில் சுரங்கத்துக்கு மின்பம்பு வந்தது அப்போதுதான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கோலாலம்பூரிலிருந்து ரயில் பாதை ரவாங்கை எட்டிவிட்டது. முதலாளிகள் இருவரின் பெயர்களும் நிலைத்துவிட்டன. தண்டவாளத்துக்குக் கல் சுமந்தவர் யார், காடழித்துத் தோட்டம் போட்டவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அந்தக் காலத்துப் படங்களில் அவர்கள் நிற்கிறார்கள். கீழே பெயர்தான் இல்லை.

மேடானில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜெர்மானியர் கிளைன்குரோத்தே 1907-ல் மலாயா பற்றி ஒரு பெரிய ஆல்பம் வெளியிட்டார். ரயில், சுரங்கம், தோட்டம் எல்லாம் அதில் உண்டு. அழகான படங்கள்தான். ஆனால் அந்தக் காலத்துத் தோட்டப் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று உறுத்தும். பல படங்களில் மரத்தின் பருமன் தெரிவதற்காகவே பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறார்கள். மரத்தின் வயது குறிப்பில் இருக்கும்; ஆளின் வயது இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்தப் படங்களில் தோட்டம் எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது. தோட்டத்து நாளோ இருட்டில் தொடங்குவது. விடியுமுன் மணி அடித்ததும் பெரட்டுக்களத்தில் கூடி, கிராணி பெயர் கூப்பிட, மண்டோர் நிரை பிரித்துவிட, வாளியும் உளியுமாகக் காட்டுக்குள் போய்விடுவார்கள். பொழுது ஏற ஏற ரப்பர்ப் பால் குறையும் என்பதால் அந்த அவசரம். அன்றைய கேமராவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஆகவே தோட்டத்து மக்களின் வாழ்க்கையை ஆட்டிவைத்த அந்த ஒரு மணி நேரம் அநேகமாகப் படமாகவே இல்லை. கைப்பிள்ளையைத் தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு ஆயாக்கொட்டகைக்கு ஓடிய தாய்மாரையும் காணோம். அவர்கள் உள்ள படங்கள் துரைமார் ஆல்பத்தில் கிடைக்காது, வீடுகளில்தான் தேட வேண்டும். அந்தப் படங்களும் தாமதமாகவே வந்தன.

1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமானது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படம் எடுத்து, கைநாட்டு வைத்து, ஐசி எனும் அடையாள அட்டை பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. கோலசிலாங்கூர், உலுசிலாங்கூர் தோட்டங்களில் பால் வெட்டிய எத்தனையோ பேருக்கு ஆயுளில் முதல் படம் அதுதான். யாரும் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட படமில்லை. கண்காணிப்பதற்காக அரசாங்கம் எடுத்தது. முகத்தில் சிரிப்பு இல்லாததில் வியப்பில்லை. ஆனால் பிற்காலத்தில் அதே ஐசி படத்தைத்தான் பிள்ளைகள் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலையிட்டு வணங்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படியொரு தாத்தா படம் இருக்கிறது. முகம் மங்கல். சட்டையை மட்டும் ஸ்டூடியோக்காரர் தூரிகையால் வரைந்திருக்கிறார், காலர் வரை கச்சிதமாக. வலது தோளில் அலுவலக முத்திரையின் வளைந்த கோடு ஒன்று அழிக்கத் தவறியபடி நிற்கிறது.

ஐம்பதுகளில் நிலைமை மாறுகிறது. சம்பளம் போட்ட மறுநாள், தீபாவளி, தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்த் திரும்பும் வழி என்று, டவுனில் சீனர் நடத்திய ஸ்டூடியோவுக்குள் நம்மவர்கள் நுழைந்தார்கள். இரவல் கோட்டு, கைக்கடிகாரம் தெரியும்படி வைத்த கை, பின்னால் திரைச்சீலையில் மாளிகை. ஒரு பிரதி வீட்டுக்கு, ஒரு பிரதி தபாலில் ஊருக்கு. பெண் பார்த்ததும் மாப்பிள்ளை பார்த்ததும் பாதி இந்தப் படங்களில்தான்.

லயத்து வாசலில் எடுத்த படங்களில் சைக்கிள் அடிக்கடி வரும். வீட்டு ஆள் ஒருவர் போல அதையும் நடுவில் நிறுத்தியிருப்பார்கள். அதைப் பகட்டு என்று நான் ஒதுக்க மாட்டேன். 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து ஒருவர் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே, ஒரு கால் தரையிலும் ஒரு கால் பெடலிலுமாகக் கேமராவைப் பார்க்கிறார் என்றால், இறங்காமல் இருக்கும் உரிமையையும் சேர்த்தே படம் எடுத்துக்கொள்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

படமே இல்லாதவர்களும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டம் தோட்டமாகச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன பல்லாயிரவரில் பலர் ஐசி காலத்துக்கு முன்பே மடிந்தவர்கள். அவர்களுக்கு விளக்கேற்றும் வீடுகளில் மாலை போடக்கூடப் படம் கிடையாது. 1969-க்குப் பின் வேலை பெர்மிட் கிடைக்காமல் குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு ஐசியோடு இந்தியாவுக்கு ரஜூலா கப்பல் ஏறியவர்கள் தங்கள் படங்களையும் பெட்டியில் கொண்டுபோனார்கள். இங்கே எடுத்த முகங்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் ஏதோ ஒரு பரணில் இருக்கலாம்.

இங்கே மிஞ்சியவையும் கரைந்துகொண்டிருக்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் ரவாங்கைச் சுற்றி வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. 1995-ல் கோமுட்டர் மின்ரயில் வந்தபின் ரவாங் கோலாலம்பூரின் புறநகராகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை லயத்தை விட்டுக் கிளம்பும்போதும் டிரங்குப் பெட்டி சிறுத்தது. கரையான் தின்றது, வெள்ளம் கொண்டுபோனது போக, பலகை வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தவை ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கும்.

அந்த டின்னைத் திறந்து, வீட்டில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். ஸ்கேன் செய்வதானால் முன்பக்கத்தோடு நிற்காமல் பின்பக்கத்தையும் செய்யுங்கள்; ஸ்டூடியோ முத்திரை, தேதி, ஊருக்கு எழுதிய இரண்டு வரி நலம் எல்லாம் அங்கேதான் இருக்கும். பேனா வேண்டாம், மை ஊறும், அழுத்தினால் முன்னால் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். இவர் யார் என்பதோடு நிறுத்தாமல், பின்னால் தெரிவது எந்த லயம், சைக்கிள் யாருடையது, கையில் உள்ள பிள்ளை பிறகு எங்கே போனது என்றும் கேளுங்கள். ஊர்ப் பெயரை எழுதும்போது அன்றைய பெயரும் வேண்டும். பெஸ்தாரி ஜெயா என்பது 2007-ல் வந்த பெயர். படத்தில் இருப்பவர்கள் வாழ்ந்தது பத்தாங் பெர்ஜுந்தையில். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று பலகையில் இருந்திருக்கும், நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் வேறாக இருந்திருக்கும். அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் இருக்காது, அதையும் கேட்டு எழுதிவிடுங்கள்.