பிரம்பைக் கொடுத்தவனும் பிடித்தவனும்

ஒடுக்குமுறை ஆட்சி எதுவும் தன் கைகளால் மட்டுமே ஒடுக்குவதில்லை. ஒடுக்கப்படுவோரிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களைக் கொண்டே மற்றவர்களை அடக்குகிறது. ஆட்சி வீழ்ந்த பின்னர் அச்சிலரைப் பாதிக்கப்பட்டோர் என்பதா, குற்றவாளிகள் என்பதா என்ற கேள்வி சட்டத்தின் முன் எழுகிறது.

நாஜி வதைமுகாம்களில் எஸ்.எஸ். படையினர் கைதிகளிலிருந்தே மேற்பார்வையாளர்களை நியமித்தனர். 'காப்போ' எனப்பட்ட இவர்களுக்குக் கூடுதல் உணவும் கடும் உழைப்பிலிருந்து விலக்கும் கிடைத்தன. அதற்கு ஈடாக, சக கைதிகளை அடித்து வேலை வாங்க வேண்டும். தவறினால், தம்மிடம் அடிபட்டவர்களின் நடுவிலேயே மீண்டும் தள்ளப்படுவர். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே ஒருவர் இருக்கும்வரை அமைப்பு உடையாது. சாதியமைப்பைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியதை அறிந்தவர்களுக்கு இந்த உத்தி புதிதன்று.

1950இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் நாஜிகளையும் அவர்களுக்குத் துணைபோனவர்களையும் தண்டிப்பதற்கான சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் ஏறத்தாழ 40 வழக்குகள் நடைபெற்றன. குற்றக்கூண்டில் நின்றவர்களில் பெரும்பாலோர், முகாம்களிலிருந்து உயிர்தப்பிய யூதர்களே. சக கைதிகள் அவர்களைத் தெருவில் அடையாளம் கண்டு காவல்துறையிடம் முறையிட்டிருந்தனர்.

அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு முக்கியமானது. துன்புறுத்தலுக்கு உள்ளான ஒருவர், உடனடி மரண ஆபத்திலிருந்து தப்பவே அச்செயலைச் செய்தார், அதன் விளைவைத் தடுக்க இயன்றதனைத்தையும் செய்தார் என நிறுவப்பட்டால், அவர் குற்றப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுவார். அதனினும் பெரிய தீங்கைத் தவிர்த்திருந்தாலும் அவ்வாறே. ஆயினும் மானுடத்திற்கு எதிரான குற்றம், கொலை போன்ற மிகக் கொடிய குற்றங்களுக்கு இவ்விலக்கு பொருந்தாது.

1952இல் காப்போ ஒருவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றமோ அதனை இரண்டாண்டுச் சிறைத் தண்டனையாகக் குறைத்தது. 1964இல், பெஞ்சின் என்னும் போலந்து நகரின் யூதக் குடியிருப்பில் காவலர் தலைவராக இருந்தவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த நிலையில் ஒருபோதும் நின்றிராத நாம், மாபெரும் அறத்துணிவை எட்டாத எளிய மனிதர்களைக் கடிந்துரைப்பது தகாது என்பது நீதிபதி மோஷே லண்டாவின் கருத்து. இதே சட்டத்தின்கீழ் 1961இல் அடால்ஃப் ஐக்மனுக்கு மரண தண்டனை விதித்த அமர்வுக்குத் தலைமை வகித்தவரும் அவரே.

இவ்விரு முடிவுகளுக்கும் இடையே முரண்பாடு இல்லை. திட்டமிட்டு இயக்கியவருக்கும் பிரம்பைப் பிடிக்க நேர்ந்தவருக்கும் தெரிவின் பரப்பு ஒன்றன்று. ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட எழுத்தாளர் பிரைமோ லெவி இந்த இடைப்பகுதியைச் 'சாம்பல் மண்டலம்' என்றார். எனினும் கொன்றவர்களையும் கொல்லப்பட்டவர்களையும் ஒன்றெனக் குழப்புவதை அவர் ஏற்கவில்லை. குற்றத்தின் சுமையைப் பாதிக்கப்பட்டவர்கள்மீதே ஏற்றியது அந்த ஆட்சியின் ஆகக் கொடிய செயல் என்பதே அவருடைய வாதம்.

அனைவரையும் மன்னித்தால், அடிபட்டவருக்கு நீதி மறுக்கப்படுகிறது. கையில் அகப்பட்டவரை மட்டும் தண்டித்தால், அமைப்பைக் கட்டியவர் தப்பிவிடுகிறார். எனவே விசாரணை மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்: இந்த இடத்தில் இவரை நிறுத்தியவர் யார்? மறுப்பதற்கு இவருக்கு எவ்வளவு இடமிருந்தது? கட்டளைக்கு மேலும் இவர் தாமாகச் செய்த கொடுமை எது? மூன்றாவது கேள்விக்கான தண்டனை இவருக்குரியது. முதல் கேள்விக்கான தண்டனையை இவர்மீது ஏற்றுவது நீதியாகாது.