வெள்ளாற்று முகத்துவாரமும் துருவக் கடலும்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு சேரும் இடத்தை ஒட்டி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. 1961இல் தொடங்கியது. அங்கே தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்தால் முகத்துவாரம் கலங்கிவிடும், உப்பு குறையும், வெளிச்சம் உள்ளே போகாது, நீரில் மிதக்கும் நுண்பாசிகள் சரியும். கோடையில் தண்ணீர் தெளிந்து உப்பேறியதும் பாசி பெருகும், அதைத் தின்னும் சிற்றுயிர்களும் பெருகும்.

ஏறக்குறைய இதே கணக்கை வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கி.மீ. தொலைவில் இந்திய ஆய்வாளர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் நி-ஆலசுண்ட் என்ற ஊர். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம். நம் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கே இயங்குகிறது. பக்கத்தில் கோங்ஸ்ஃபியோர்டன் என்னும் நீண்ட, குறுகிய கடற்கழி. அதன் தலைமாட்டில் பனியாறுகள் உடைந்து விழுகின்றன. கோடையில் உருகிய நீர் வண்டலை அள்ளிவர, கழியின் உட்பகுதி செந்நிறமாகிவிடும். வாய்ப்பக்கத்திலிருந்து அட்லாண்டிக்கின் உப்பு மிகுந்த, வெப்பமான நீர் ஏறி வருகிறது. நம்மூரில் மழைவெள்ளம் செய்வதை அங்கே பனி செய்கிறது.

பாசி குறைந்துவிட்டது என்று உயிரியலாளர் சொல்லலாம். ஏன் என்று அவரால் தனியே சொல்ல முடியாது. பனியாறு எவ்வளவு உருகியது என்பது பனியியலாளர் கையில். அட்லாண்டிக் நீர் எந்த ஆழத்தில் நுழைந்தது என்பது கடலியலாளர் கையில். நைட்ரேட், சிலிகேட் அளவு வேதியியலாளர் கையில். நால்வரும் ஒரே நீரை ஒரே பருவத்தில் அளந்தால்தான் விடை கிடைக்கும். ஆளுக்கொரு வருடம் போய் ஆளுக்கொரு கட்டுரை எழுதினால் துறைகள் வளரும், கேள்வி அப்படியே கிடக்கும்.

அதுவும் போதவில்லை. துருவத்தில் மாதக்கணக்கில் சூரியன் உதிக்காது. அந்த நாட்களில் கடலுக்கடியில் யார் அளப்பது? 2014 ஜூலையில் அந்தக் கழியில் சுமார் 192 மீட்டர் ஆழத்தில் ‘இண்டார்க்’ என்ற நங்கூரமிட்ட கருவித் தொகுதி இறக்கப்பட்டது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் துருவ ஆய்வு மையமும் சேர்ந்து செய்த வேலை. இறக்கியது நார்வேயின் ‘லான்ஸ்’ கப்பல். வெப்பம், உப்பு, நீரோட்டம் ஆகியவற்றை வெவ்வேறு ஆழங்களில் ஆண்டு முழுதும் பதிக்கும் ஏற்பாடு அது. அதை உருவாக்கிய பொறியாளர்கள் இல்லாவிட்டால் நம் ஆர்க்டிக் அறிவியல் கோடைகால அறிவியலாகவே நின்றிருக்கும். குளிர்காலத்திலும் ஆட்களை அங்கே தங்கவைக்கும் பயணங்கள் 2023 டிசம்பரில்தான் தொடங்கின.

அண்டார்டிகாவில் கதை இன்னும் பழையது. 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கிளம்பிய 21 பேர் கொண்ட முதல் குழுவின் தலைவர் எஸ்.இசட். காசிம், கடல் உயிரியலாளர். பிறகு வந்த ‘தட்சிண கங்கோத்ரி’ நிலையம் பனியில் புதைந்துபோனது. இன்று ‘மைத்ரி’யும் ‘பாரதி’யும் இயங்குகின்றன. அங்கே மருத்துவரும் மெக்கானிக்கும் சமையற்காரரும்கூடக் குழு உறுப்பினர்களே. ஜெனரேட்டர் நின்றால் எந்த ஆய்வும் இல்லை.

பரங்கிப்பேட்டை இருக்கும் கடலூர்க் கரைக்கு இதனால் என்ன? துருவப் பனிப்படலம் மிகப் பெரியது என்பதால் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலை இழுத்து வைத்திருக்கிறது. அது உருகும்போது இழுப்பு தளர்ந்து, அருகே கடல் மட்டம் தாழும். வெகு தொலைவில் சராசரியைவிடக் கூடுதலாக உயரும். கிரீன்லாந்துக்கும் அண்டார்டிகாவுக்கும் நாம் தொலைவுதான். இதைக் கண்டறிய பனியியல் மட்டும் போதவில்லை. புவியீர்ப்பை அளக்க 2002இல் ஏவப்பட்ட ‘கிரேஸ்’ இணைச் செயற்கைக்கோள்களும் துறைமுகக் கடல்மட்டமானிகளும் வேண்டியிருந்தன. ஆர்க்டிக்கின் காரா கடலில் பனி குறைவதற்கும் செப்டம்பரில் மத்திய இந்தியாவில் கொட்டும் கனமழைக்கும் தொடர்பிருக்கலாம் என்று 2021இல் ஒரு ஆய்வு சொன்னது. நாமோ வடகிழக்குப் பருவமழையை நம்பியவர்கள். அந்த முடிவை அவசரப்பட்டு நம் புயல்களோடு முடிச்சுப்போட வேண்டாம்.

துருவப் பயணங்களுக்கு கோவா மையம் பல்கலைக்கழகங்களிடமிருந்தும் ஆய்வுத் திட்டங்களைக் கேட்டுப் பெறுகிறது. முகத்துவாரத்தைப் படித்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. சிதம்பரத்து மாணவர்களே, விண்ணப்பிக்கும்போது பக்கத்துத் துறைக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.