உங்களுக்குத் தெரியுமா? பெயரில்லாத சுழலின் பேரழிவு

1999 அக்டோபர் 4 அன்று மெக்சிகோவின் கம்பேச்சே விரிகுடாவில் உருவான 'பதினொன்றாம் தாழ்வு மண்டலம்', மணிக்கு 63 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் மட்டுமே சுழலுக்குப் பெயர் சூட்டப்படும் என்பதால், ஏறத்தாழ 55 கிலோமீட்டர் காற்றுடன் வெறும் எண்ணாகவே ஆவணங்களில் பதிவாயிற்று. கரையைக் கடக்காமலே இரண்டு நாட்களில் அது கலைந்தது. ஆனால் கடலின் ஈரக்காற்று கிழக்கு சியர்ரா மாத்ரே மலைச்சரிவுகளில் மோதி மேலெழுந்து குளிர்ந்து பெருமழையாகக் கொட்டியதில், புயெப்லா, வெராக்ரூஸ் முதலிய மாநிலங்களில் ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். கொடும்புயல்களின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கும் வழக்கம் உண்டு. இதற்கோ நீக்குவதற்கும் பெயரில்லை. தெசியுத்லான் நகரின் லா அவுரோரா குடியிருப்பில், கல்லறைத் தோட்டத்தை அடுத்த சரிவின் எரிமலை மண் நீரில் ஊறி இளகி, வீடுகளின் மேல் சரிந்ததில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் புதையுண்டனர்.